மேஸ்திரி பெயரில் ஒரு வீதி

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடப்பவர்கள் கடக்கும் வீதிகளில் இரண்டு பெயர்கள் மட்டும் தனியாகத் தெரியும். சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திருவிழாக்களின் பெயரில் வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக ஓடுகிற ஊர் இது. அந்த அடுக்கில், மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில், மாரட் வீதி என்றும் பெருமாள் மேஸ்திரி வீதி என்றும் இரண்டு ஆள் பெயர்கள். இருவரும் ராஜா இல்லை, புலவர் இல்லை, கட்சித் தலைவரும் இல்லை. மாரட் நிலம் அளந்தவர். பெருமாள் ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி.

ஊருக்கு உழைத்த அரசு ஊழியரின் பெயரைச் சாலைக்கும் பாலத்துக்கும் வைக்கலாமா, வைத்தால் நிற்குமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வீதிகள்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏறக்குறைய 180 ஆண்டுகளாக அந்தப் பெயர்கள் நிற்கின்றன. கடைப் பலகையில், பத்திரத்தில், கூரியர் கவரில், ஆட்டோக்காரர் வாயில் எல்லாம் அதே பெயர்தான். அவர்களுக்கு மேலே இருந்த அதிகாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த அதிகாரி ஜான்சன் அலெக்சாண்டர் பிளாக்பர்ன். 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டர். நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும் அப்போது ஊரை நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்திருந்தன. மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரிக்கும் வேலையை 1837 வாக்கில் அவர் தொடங்கினார். இடித்து நிரப்புகிறவர்கள் அந்த நிலத்திலேயே வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அறிவித்ததும் வேலை வேகம் பிடித்தது. மதில் நின்ற இடத்தில் பிறந்தவைதான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அகழியை ஒட்டி வெளி வீதிகள் வந்தன. கீழ்ப்பக்கம் ஒரே ஒரு வாசலை இடிக்காமல் விட்டார்கள். விட்டவாசல் என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது.

இத்தனையும் செய்த கலெக்டருக்கு ஊர்மக்கள் நன்றி சொல்லி ஒரு விளக்குத்தூண் நட்டார்கள். அது இன்றும் இருக்கிறது. கீழமாசி வீதிப் பக்கம் தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்தப் பகுதிக்கே விளக்குத்தூண் என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். பிளாக்பர்ன் என்ற பெயரோ தூணோடு நின்றுவிட்டது. அங்கே துணி விற்பவரிடம் பிளாக்பர்ன் யார் என்று கேட்டால் ஏதோ பிராண்ட் பெயர் என்று நினைக்கக்கூடும்.

கலெக்டரின் பெயர் மறைந்து மேஸ்திரியின் பெயர் நின்றதற்குப் பெருமாளின் புகழ் காரணமில்லை. புகழ் என்று பார்த்தால் கலெக்டருக்குத்தான் கூடுதல். வீதி பிறந்தபோது அதற்கு வேறு பெயர் கிடையாது, அதுதான் காரணம். பழைய பெயரை அழித்துவிட்டு அதன்மேல் எழுதிய பெயர் இல்லை இது. வீடு கட்டி முதலில் குடிவந்தவருக்கு முகவரி வேண்டும்; கிடைத்த முகவரி பெருமாள் மேஸ்திரி வீதி. பிறகு வந்த ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்காக அந்தப் பெயரைச் சொன்னார்கள். பெருமாளை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு சொல்லவில்லை. பிளாக்பர்னுக்குக் கிடைத்ததோ ஒரு தூண். தூணுக்குத் தபால் வராது.

இதை மதுரையின் மற்ற பெயர்களில் வைத்துப் பார்த்தாலும் அப்படியே பொருந்துகிறது. வைகையின் குறுக்கே 1889இல் முடிந்த பாலத்துக்கு விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டரின் பெயரை வைத்தார்கள். அந்த இளவரசருக்கும் மதுரை மண்ணுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது லட்சக்கணக்கான பேர் அந்தப் பாலத்தின்மீதும் அதைச் சுற்றியும்தான் நிற்கிறார்கள். எல்லோருக்கும் அது ஏ.வி. பாலம். இரண்டு எழுத்தாகச் சுருங்கியதால் பிழைத்துக்கொண்ட பெயர். அந்த ஏ.வி. யார் என்று யாரும் தேடுவதில்லை. பாலம் புதிது, பெயரும் சொல்ல எளிது, அதனால் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆளுக்கு அதில் மரியாதை எதுவும் மிஞ்சவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் மாட்டுத்தாவணி. மாட்டுச் சந்தை கூடிய இடத்தில் 1990களின் கடைசியில் பேருந்து நிலையம் வந்தது. பின்னால் அதற்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டினார்கள். மதுரையில் எம்.ஜி.ஆருக்கு இல்லாத செல்வாக்கா? ஆனாலும் கண்டக்டர் கூவுவது மாட்டுத்தாவணி என்றுதான். அரசு ராஜாஜி மருத்துவமனை இன்னும் சுவாரசியம். வெள்ளைக்காரர் காலத்தில் கவர்னர் எர்ஸ்கின் பெயர் அதற்கு. பிறகு ராஜாஜி பெயர். இரண்டு பெயரையும் தாண்டி ஊர் அதைப் பெரியாஸ்பத்திரி என்றே சொல்கிறது. ஏற்கெனவே வாயில் ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும்போது அரசாணையால் அதை எழுப்ப முடியாது. அதே சமயம் பெரியார் பஸ் ஸ்டாண்ட் என்ற பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஆகவே தலைவர் பெயர் என்றாலே நிற்காது என்பதும் சரியில்லை.

பெயர் நிற்பது ஒரு கேள்வி. அந்தப் பெயரோடு ஆளும் நிற்கிறாரா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பெருமாள் மேஸ்திரியின் பெயர் நின்றது, அவரைப் பற்றி ஊருக்கு எதுவும் தெரியாது. அதற்கு மாறாக நம் பக்கத்திலேயே இருவர் பெயரோடும் நிற்கிறார்கள், ஆளாகவும் நிற்கிறார்கள்.

ஒருவர் ராணி மங்கம்மாள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டின் தொடக்கத்திலுமாக, பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தியவர். சாலை போட்டார், ஓரங்களில் மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி நோக்கிப் போகும் பழைய தடத்துக்கு மங்கம்மாள் சாலை என்று பெயர். தென்மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களில் பெரியவர்கள் ஒரு பழைய வண்டித்தடத்தைக் காட்டி, இது மங்கம்மா சாலை என்பார்கள். யாரும் தீர்மானம் போட்டு வைத்த பெயரில்லை. போட்டவர் பெயரிலேயே சாலை வழங்குகிறது, அவ்வளவுதான்.

இன்னொருவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். இவர் ராணியும் இல்லை, ஜமீனும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கிய பொதுப்பணித் துறைப் பொறியாளர். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கையும் வைகைப் பாசனத்தையும் நனைத்து மேலூர் வரை போகிறது. தேனியில் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு சேர்ந்து வருவதால் பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஒரு கதை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அணைக்குப் பணம் கொடுத்தது சென்னை மாகாண அரசு. ஆனால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பது புரிகிறது. சம்பளத்துக்கு வேலை செய்த ஒருவர் இவ்வளவு நல்லது செய்திருக்க முடியும் என்று நம்ப நமக்கு மனம் வருவதில்லை. தியாகம் ஒன்றைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது. அரசு ஊழியர் பெயரைப் பாலத்துக்கு வைப்பதில் நமக்கு இருக்கும் தயக்கத்தின் வேர்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். ‘அவர் வேலையைத்தானே பார்த்தார், அதற்கு எதற்குப் பலகை?’

சரி, வைக்க வேண்டும் என்று ஒரு வார்டு கவுன்சிலர் ஆசைப்படுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். மதுரைக்குள் ஓடும் சாலைகளில் மாநகராட்சிச் சாலை உண்டு, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை உண்டு, தேசிய நெடுஞ்சாலை உண்டு. பாலம் என்றால் ரயில்வேயும் நீர்வளத் துறையும்கூட வந்து சேரும். மாநகராட்சித் தெரு என்றால் 100 வார்டு உறுப்பினர்கள் உட்காரும் மாமன்றத்தில் தீர்மானம் வர வேண்டும்; அப்புறம் கோப்பு சென்னைக்குப் போய் அரசின் சம்மதத்தோடு திரும்பி வர வேண்டும். நெடுஞ்சாலைத் துறைப் பாலம் என்றால் முடிவு மேலிருந்தே வரும். மேலமடைச் சந்திப்பில் 2025 டிசம்பரில் திறந்த மேம்பாலத்துக்கு வீரமங்கை வேலுநாச்சியார் பெயர் அப்படித்தான் வந்தது. நத்தம் சாலையில் 2023இல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் தேசிய நெடுஞ்சாலையைச் சேர்ந்தது. அங்கே மாமன்றத் தீர்மானத்துக்கு வேலையே இல்லை. அதை ஊர் நத்தம் பறக்கும் பாலம் என்று சொல்லிப் பழகிவிட்டது. இனி யார் வந்து எந்தப் பெயரை வைத்தாலும் மாட்டுத்தாவணிக் கதைதான்.

இரண்டாவது, காகித வேலை. குடியிருப்புத் தெருவின் பெயரை மாற்றினால் அது பலகையோடு முடிவதில்லை. ஆதார், ரேஷன் கார்டு, மின் இணைப்பு, சொத்து வரி, வங்கி, பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் முகவரி இருக்கிறது. பத்திரப்பதிவுக்காக நிலத்துக்கு அரசு குறித்து வைக்கும் வழிகாட்டி மதிப்பு நகரங்களில் தெருப் பெயர் வாரியாகவே பதிவாகியிருக்கிறது. தெருவின் பெயர் ஓர் ஆவணத்தில் புதிதாகவும் இன்னொன்றில் பழையதாகவும் இருந்தால், வீடு விற்கப் போகும் அன்று இரண்டும் ஒரே தெருதான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். தில்லித் தெருக்களுக்காக மத்திய உள்துறை அமைச்சகம் 1975இல் எழுதிய வழிகாட்டுதல் இதையேதான் சொன்னது: இருக்கிற பெயரை மாற்றினால் தபால்காரருக்கும் மக்களுக்கும் குழப்பம், வரலாற்று உணர்வும் போய்விடும், வேண்டுமானால் புதிய தெருவுக்கும் பெயரில்லாத தெருவுக்கும் வையுங்கள். தில்லியிலேயே அதைப் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. ஆனால் சொன்னது சரியான பேச்சு.

மூன்றாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை. தென்மாவட்டத்தில் ஓர் ஆளின் பெயரைப் பொது இடத்துக்கு வைத்தால், அடுத்த நொடி எழும் கேள்வி ‘அவர் என்ன ஆளுக?’ என்பது, அதாவது என்ன சாதி என்பது.

இந்தப் பகுதிக்காரர்களுக்கு 1997 மறந்திருக்காது. அப்போது தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர்தான். விருதுநகர் காமராஜர் மாவட்டம். சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1985இல் மதுரையிலிருந்து பிரிந்த திண்டுக்கல், அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, பட்டியல் சாதியில் பிறந்து கட்டபொம்மனுக்குத் தளபதியாக இருந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு சொல்ல, பிரச்சினை கலவரமாக வெடித்து உயிர்களைக் குடித்தது. அதே ஆண்டு ஜூலையில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை ஒரே வீச்சில் எடுத்துவிட்டது. நம் திண்டுக்கல் வெறும் திண்டுக்கல் ஆனது. எனக்குத் தெரிந்து அந்த முடிவுக்காக வருத்தப்பட்டவர்கள் குறைவு. மதுரை விமான நிலையத்துக்கு யார் பெயர் என்ற போட்டிக் கோரிக்கைகள் இத்தனை ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருப்பதும் இதே நினைவின் நிழலில்தான்.

இதில் இன்னொரு சிடுக்கும் உண்டு. 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை அழைத்துப் போனவர் மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத அய்யர். உள்ளே வழிவிட்டு ஏற்றுக்கொண்டவர் கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. மதுரையில் ஒரு பொது அதிகாரி தன் நாற்காலியைப் பணயம் வைத்துச் செய்த மிகத் துணிச்சலான காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு பேரும் சாதித் தடையை உடைத்தவர்கள். இரண்டு பேரின் பெயரிலும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலகையில் எப்படி எழுதுவது? எழுபதுகளின் இறுதியிலேயே சென்னைத் தெருப் பலகைகளில் சாதிப் பின்னொட்டுகளை அழித்தார்கள். 2025 அக்டோபரில் தெருக்களிலும் குடியிருப்புகளிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி அரசாணை வந்தது. அதற்கு அடுத்த நாளே கோவை அவினாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் அந்த ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. கேலி கிண்டல் ஒரு வாரத்துக்கு ஓயவில்லை. நாயுடு என்று எழுதாவிட்டால் அந்த மனிதரை யாருக்கும் அடையாளம் தெரியாது, எழுதினால் ஆணைக்கு முரண். இப்படிப் பார்க்கும்போது பெருமாள் மேஸ்திரி கொடுத்துவைத்தவர். அவர் பெயரோடு ஒட்டியிருப்பது வேலை.

அன்றைக்குக் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த பூ. கக்கன். பின்னால் பொதுப்பணித் துறை அமைச்சரானார். 1959இல் வைகை அணை திறந்தபோது அந்தத் துறை அவரிடம் இருந்தது. பதவியை விட்டு இறங்கியபின் மதுரைப் பெரியாஸ்பத்திரியின் பொது வார்டில் சாதாரண நோயாளியாகக் கிடந்தார். தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, அங்கங்கே கக்கன் நகர், கக்கன் தெரு என்ற பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் இருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். மாநிலத்துக்கே அமைச்சராக இருந்தவரை ஒரு தெருக்காரராக ஆக்கி வைத்திருக்கிறோம். அணையிலிருந்து பாயும் கால்வாய்க்கோ ஆற்றுப் பாலத்துக்கோ அவர் பெயர் என்றால் கதையே வேறாக இருக்கும்.

இந்தச் சிக்கல்களையெல்லாம் ஓரளவு சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கோ பாலத்துக்கோ இரண்டு சாலைகள் பின்னும் இடத்துக்கோ சட்டமன்றத் தீர்மானம் மூலம் நினைவுப் பெயர் வைக்கிறார்கள். பணியில் இறந்த நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், சாலை பராமரிப்புத் தொழிலாளி என்று சாதாரண ஊழியர்கள் அந்தப் பலகைகளில் நிறைய. முகவரி மாறாது, சாலைக்கு இருக்கிற எண்ணும் பெயரும் அப்படியே இருக்கும். பலகை வைக்கும் செலவை அரசுக்கு வெளியிலிருந்து நன்கொடையாகத் திரட்ட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. மரியாதை செய்ய ஆசைப்படுகிறவர் தன் பையிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றால் பாதிக் கோரிக்கைகள் தாமாகவே அடங்கும்.

முகவரிப் பெயர் வேறு, மரியாதைப் பெயர் வேறு என்று பிரித்துவிட்டால் நம் ஊரிலும் பல கதவுகள் திறக்கும். கோரிப்பாளையம் கோரிப்பாளையமாகவே இருக்கட்டும், காளவாசல் காளவாசலாகவே இருக்கட்டும். பாலத்தின் ஏற்றத்தில், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில், இன்னார் நினைவாக என்று ஒரு பலகை. கீழே அவர் பார்த்த வேலையும் ஆண்டும். ஆல்பர்ட் விக்டருக்கு நேர்ந்தது நேராமல் இருக்க அந்த இரண்டாவது வரிதான் காப்பு.

யாருக்கு வைப்பது? 2020 தீபாவளி விடியற்காலையில் விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், தெற்குமாசி வீதியை ஒட்டிய நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடை தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மீது பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஊர் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நாள் அது. இன்று அந்த இருவர் பெயரைக் கேட்டால் அந்தக் கடைத்தெருவிலேயே எத்தனை பேர் சொல்வார்கள் என்று சொல்வதற்கில்லை. ஒரு சந்திப்புக்குச் சினிமா நடிகர் பெயரோ பாடகர் பெயரோ வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னையில் அப்படி நிறைய வைத்தாகிவிட்டது. தியாகராய நகரில் 2025இல் திறந்த பாலத்துக்கு, கொரோனாவில் இறந்த சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் பெயரை வைத்தார்கள். உள்ளூர்ப் பொதுவாழ்க்கையை மதித்த பெயர் என்று அதைச் சொல்லலாம், பெயர் வைத்தபோது ஆண்ட தி.மு.க.வைச் சேர்ந்தவர் அவர் என்பதும் உண்மை. கட்சியும் இல்லாமல் ரசிகர் மன்றமும் இல்லாமல் செத்துப்போகிற ஊழியருக்காகக் கோரிக்கை மனு எழுத ஆளில்லை.

அதனால் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காத சில நிபந்தனைகளாவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஆள் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பதவியில் இருக்கிறவர் பெயரும், நேற்றுவரை இருந்தவர் பெயரும் வேண்டாம். அவர் வேலைக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே போதும் என்றுகூடத் தோன்றுகிறது. அணை கட்டியவர் பெயரில் அணை, மதில் இடித்தவர் பெயரில் மதில் இருந்த வீதி என்று இருக்கும்போது ‘ஏன் இவர்?’ என்று கேட்பவருக்குப் பதில் கையிலேயே இருக்கிறது.

ஆனால் யார் கட்டினார் என்ற பதிவே நம்மிடம் சரியாக இல்லை. எந்தப் பாலத்தின் கல்வெட்டையும் நின்று படித்துப் பாருங்கள். முதலமைச்சர், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மேயர், துணை மேயர், மண்டலத் தலைவர், கவுன்சிலர், ஆணையர் என்று வரிசையாக இறங்கி வரும். எங்கேயாவது அடியில் பொடி எழுத்தில் பொறியாளர் பெயர் இருக்கும். சைட்டில் இரவுபகலாக நின்ற உதவிப் பொறியாளர், மேற்பார்வையாளர், கான்கிரீட் போட்ட மேஸ்திரி யார் பெயரும் இருக்காது. அவர்கள் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அலுவலகத்துக்கே மறந்துவிடும். அறுபது ஆண்டு கழித்து ஒருவர் நன்றியோடு தேடினாலும் கிடைப்பது திறந்து வைத்தவர் பெயர்தான். கல்வெட்டில் இரண்டு வரி கூட்டுவதற்கு அரசாணைகூடத் தேவைப்படாது, துறைச் செயலாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்போது இதைப் பேசுவதற்கு ஓர் அவசரமும் இருக்கிறது. அந்த 2025 அரசாணையின்படி கிராமங்களிலும் நகரங்களிலும் சாதிப் பெயர் தாங்கிய தெருக்களைக் கணக்கெடுத்து, மக்கள் கருத்தைக் கேட்டு, மாற்றுப் பெயர் வைக்க வேண்டும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் இதை எதிர்த்து வழக்கும் வந்தது. மாற்றுப் பெயர்களாக அரசு சொல்லியிருப்பவை புலவர்கள், தலைவர்கள், பூக்கள். மல்லிகைத் தெருவும் ரோஜாத் தெருவும் சண்டை இழுக்காது என்பது சரிதான், ஆனால் ஊருக்கு ஊர் பத்து மல்லிகைத் தெரு வந்தால் தபால்காரர் பாடு திண்டாட்டம்.

ஒவ்வொரு ஊரிலும் கிராமசபை கூடுகிறது. கண்மாய் மடையைத் திறந்து முறை பார்த்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சி, மழையில் கம்பத்தில் ஏறிய லைன்மேன், நாற்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர், சைக்கிளில் வந்து தடுப்பூசி போட்ட நர்ஸம்மா என்று அந்தச் சபையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் ஏராளம். இவர்கள் பெயரை வைத்தால் மட்டும் ‘என்ன ஆளுக?’ என்ற கேள்வி வராதா? வரும். ஒவ்வொரு தெருவும் தன் ஆளையே முன்மொழியும் ஆபத்தும் உண்டு. ஆனால் நர்ஸம்மா எல்லாத் தெருவிலும் பிரசவம் பார்த்திருப்பார். மடையைத் திறந்தவர் கடைமடை வயலுக்கும் தண்ணீர் விட்டிருப்பார். தீர்மானத்தை எழுதும்போது ஆளின் பெயருக்கு முன்னால் அவர் பார்த்த வேலையை எழுதி, அவர் குடியிருந்த தெருவை விட்டுவிட்டு வேறு தெருவுக்கு அந்தப் பெயரைச் சூட்டிப் பார்க்கலாம். அதற்கு எத்தனை கிராமசபைகள் கை தூக்கும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. பத்தில் ஒன்று தூக்கினாலும் மல்லிகைத் தெருக்கள் அந்த அளவுக்குக் குறையும்.